கொத்தனாரும் கூட வந்தால்: புதுவை, செட்டிநாடு, திருவனந்தபுரம் பயணக் குறிப்புகள்

நாள் 1: திருச்சியிலிருந்து புதுச்சேரி

ஆறு பேர் வேலை பார்க்கும் சிறிய கட்டடக்கலை அலுவலகம் எங்களுடையது. ஆனால் வேனில் இருப்பது பதின்மூன்று பேர். வரைபடம் போடுகிறவர்கள் நால்வர், பொறியாளர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர். மீதி ஏழு பேர் கொத்தனார்களும் சித்தாள்களும் ஒரு தச்சரும். பயணம் நடக்கும் ஏழு நாளுக்கும் அவர்களுக்கு அன்றாடக் கூலி உண்டு. அதற்காகவே ஒவ்வொரு வேலையின் கட்டணத்திலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம். கூலி இல்லாமல் கூப்பிட்டால் யாராலும் வர முடியாது. அவர்கள் வராவிட்டால் இந்தப் பயணத்துக்குப் பொருளே இல்லை. பசுமைக் கட்டடம் என்று காகிதத்தில் எதையும் வரைந்துவிடலாம். சாந்துக் கரண்டி பிடிப்பவருக்கு அது ஏன் என்று தெரியாவிட்டால் மூன்றாவது செங்கல் வரியிலேயே சுவர் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

புதுச்சேரியில் முதலில் பார்த்தது கோல்கொண்டே விடுதி. அரவிந்தர் ஆசிரமத்தவர் இன்றும் தங்கியிருக்கும் இடம் என்பதால் அனுமதியோடுதான் போக வேண்டும், சத்தம் போடக் கூடாது. கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்டார். 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். நீளமான இரண்டு முகங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. ஜன்னல் என்று தனியாக எதுவும் கிடையாது. முகம் முழுக்கக் கிடைமட்டப் பலகைகள். திறக்கலாம், சாய்க்கலாம், மூடலாம். கூரைத் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. வெயிலை அது வாங்கிக்கொள்கிறது, இடையில் காற்று ஓடுகிறது.

இதைப் பார்த்துவிட்டுப் பலகையை அசையாமல் பதித்துவிடுகிறவர்கள் உண்டு. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது சாரல் கட்டிலுக்கு வரும். பிறகு அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்குப் பிறகு ஏசி. பலகை அசைய வேண்டும். அதற்கான கீலை வீட்டுக்காரரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.

திசைக்கு ஒரு கணக்கு. இந்த அட்சரேகையில் மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 54 பாகை உயரத்தில் நிற்கும். ஆனியில் வடக்கே சாய்ந்து 78 பாகை. 1.2 மீட்டர் உயர ஜன்னலை நண்பகல் வெயிலிலிருந்து முழுதும் மறைக்கத் தெற்கே 85 சென்டிமீட்டர் சன்ஷேடு வேண்டும், வடக்கே 25 போதும். மேற்கில் மாலைச் சூரியன் 25 பாகைக்கு இறங்கிவிட்டால் இரண்டரை மீட்டர் நீட்டினால்தான் மறையும். நாம் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இரண்டடி போடுகிறோம். தெற்கே அது பற்றாது, வடக்கே வீண், மேற்கே பயனே இல்லை. மேற்கில் தாழ்வாரமோ மரமோ குளியலறையோதான் வைக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை என்பதால்தானோ என்னவோ யாரும் கேட்பதில்லை.

நாள் 2: ஆரோவில், மண்

இன்று முழுக்க மண். ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் அழுத்திய மண் கல்லைக் கற்றுத்தருகிறது. சூளை கிடையாது. சலித்த செம்மண்ணில் எடைக்கு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் ஆரம் 3000 இயந்திரத்தில் அழுத்தி எடுக்கிறார்கள்.

இயந்திரத்துக்குப் போகும் முன் மண்ணைப் படிக்க வேண்டும். மேல்மண்ணை முதலில் வழித்து ஒதுக்குங்கள். வேரும் மக்கும் கலந்த மண் கல்லுக்கு ஆகாது, தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கீழ்மண்ணை நனைத்து முகர்ந்தால் மக்கிய வாடை வரக் கூடாது. பிறகு நேர்ச்சுவர் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். சரளையும் மணலும் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கும். அதன்மேல் வண்டல் படிய அரை மணி. களி படிய ஒரு நாள் ஆகும். அளவுகோல் வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளக்கலாம். சிமெண்ட் கலக்கும் கல்லுக்கு ஏற்ற மண்ணில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் இருக்கும். தண்ணீரில் களி ஊதிப்போவதால் பாட்டில் களியைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் மூத்த கொத்தனார் பாட்டிலுக்குக் காத்திருக்கவில்லை. நனைந்த மண்ணை உள்ளங்கையில் தேய்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "ஏம்மா, இங்க பாரு. சோப்பு மாதிரி வழுக்கிக்கிட்டு லேசுல போகமாட்டேங்குது, அது களி. மாவு மாதிரி உடனே போயிட்டா வண்டல். இதுல ரெண்டும் இருக்கு." மறுநாள் காலை பாட்டிலும் அதையேதான் சொன்னது.

அடுத்தது ஈரம். பெரும்பாலான கல் கெட்டுப்போவது இங்கேதான். முதலில் மண்ணையும் சிமெண்டையும் உலர்ந்தபடியே ஒரே நிறம் வரும்வரை புரட்ட வேண்டும். வெள்ளைக் கோடு எங்காவது தெரிந்தால் இன்னொரு புரட்டு. அப்புறம் பூவாளியால் தண்ணீர் தெளித்து மறுபடி புரட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து கட்டிகளாக உடைந்தால் ஈரம் சரி. உடையாமல் சப்பென்று உட்கார்ந்தால் தண்ணீர் அதிகம். அந்தக் கல் அச்சை விட்டு வெளியே வரும்போதே தொய்யும், காய்ந்தால் சுருங்கும். தூளாகச் சிதறினால் தண்ணீர் பற்றவில்லை, முனை உதிரும். கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடித்துவிட வேண்டும். மூட்டை மூட்டையாகக் கலந்து குவித்துவிட்டுச் சாப்பிடப் போனால் சிமெண்ட் குவியலிலேயே இறுகிவிடும். அதற்குப் பிறகு வருவது வெறும் மண்கட்டி.

அச்சை நிரப்பும்போது நான்கு மூலையையும் விரலால் அமுக்க வேண்டும். நடுவில் கொட்டி மூடினால் நடுப்பகுதி இறுகும், மூலை பொறுபொறுவென்று இருக்கும். மண் கூடினால் கைப்பிடி இறங்காது. குறைந்தால் சிரமமில்லாமல் இறங்கிவிடும், அந்தக் கல் வலுவாக இருக்காது. அதனால் அளவுப் பெட்டி வைத்து ஒரே அளவுதான் போட வேண்டும். கல் 240 க்கு 240, உயரம் 90 மில்லிமீட்டர். எடை பத்துக் கிலோவை ஒட்டி வருகிறது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு நூறு கல் சொச்சம். பழகிய ஏழெட்டுப் பேர் ஒரு நாளில் ஆயிரத்தை நெருங்கலாம். எங்கள் கைகள் அரை நாளில் 140 தான் எடுத்தன, அதில் 22 முனை உடைந்தவை. சித்தாள்கள் நிரப்பியதில் உடைசல் குறைவு, வரைபடம் போடுகிறவர்கள் நிரப்பியதில் அதிகம்.

நாள் 3: ஆரோவில், தண்ணீரும் தொப்பியும்

நேற்றைய கல் பிளாஸ்டிக் விரிப்புக்குள் வேர்த்திருந்தது. முதல் இரண்டு நாள் காற்றுப் படாமல் மூடி வைத்து, அதன்பின் நிழலில் அடுக்கி, மொத்தம் நான்கு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் கல் தோற்றுப்போனது என்று ஊரில் கேள்விப்படும் கதைகளில் பாதி இந்த நான்கு வாரத்தில் நடந்த தோல்விதான். மேஸ்திரி நான்கு நாள் தண்ணீர் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

கட்டும்போது கல்லை நனைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். சாந்திலும் அதே மண்தான், ஆனால் மணலும் சிமெண்டும் கல்லில் இருப்பதைவிடக் கூடுதல். பூச்சு தேவையில்லை. அதற்கு ஈடாக இரண்டு கட்டாயங்கள்: தெறிக்கும் மழைநீர் எட்டாத உயரத்துக்கு அடிமட்டம், சுவரைத் தாண்டி நன்றாக நீண்ட கூரை. நல்ல செருப்பும் நல்ல தொப்பியும் இருந்தால் மண் சுவர் நிற்கும். ஆரோவில் பார்வையாளர் மையம் இப்படிக் கட்டியதுதான். 1992-இல் எளியவர்களுக்கான கட்டடக்கலை என்று ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. அதன் வளைவுகளுக்குக் கீழே நண்பகலில் நின்றால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வேனில் வந்த விவாதம் இது. 5 சதவீதம் என்றாலும் சிமெண்ட் சிமெண்ட்தானே? ஆமாம். சிமெண்ட் சூளைக்கு 1450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். செங்கல் சூளையின் சூடு ஏறக்குறைய ஆயிரம், சுண்ணாம்புக்குத் தொள்ளாயிரம் போதும். மண்ணை அழுத்த நெருப்பே வேண்டாம். 100 சதுர மீட்டர் சுவருக்குச் சுமார் 4,000 கல், 40 மூட்டை சிமெண்ட், 40 டன் மண். இருபதாயிரம் லிட்டர் மழைநீர்த் தொட்டியும் அடித்தளப் பள்ளமும் தோண்டினால் அந்த மண்ணில் பெரும்பகுதி மனையிலேயே கிடைத்துவிடும். அப்போது கணக்கு பொருந்துகிறது. மனையில் கரிசல் இருந்து, செம்மண்ணை அறுபது கிலோமீட்டர் லாரியில் கொண்டுவந்து மண் வீடு கட்டுவதை நாங்கள் பசுமை என்று சொல்லமாட்டோம். எங்களிடம் அப்படிக் கேட்டு வருபவர்களைப் பக்கத்துச் சூளைச் செங்கல்லுக்கு அனுப்பிவிடுகிறோம்.

நாள் 4: கானாடுகாத்தான்

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும் செட்டிநாட்டு வீடுகள். பர்மாத் தேக்குத் தூணைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் கொத்தனார்கள் அண்ணாந்தே நடந்தார்கள். மேல்தளம் மெட்ராஸ் ஒட்டு.

ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டம். அதன்மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்தில் சின்னச் செங்கல், மூலைவாட்டில், நிறுத்தி வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவது. அடியில் முட்டு எதுவும் கிடையாது. சட்டத்துக்குச் சட்டம் கல் தாவுவது ஒட்டும் சாந்தின் பிடிப்பில்தான். அது பிடித்தபின் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அடிக்க வேண்டும். கட்டை எகிறிக் குதிக்கும் அளவுக்கு இறுகினால் போதும். அதன்மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு.

இன்று இதை அடிக்கத் தெரிந்த கை குறைந்துவிட்டது. ஒழுகும் பழைய தளத்தைச் சரி செய்கிறோம் என்று மேலே சிமெண்ட் தளம் போடுகிறார்கள். பாரம் ஏறுகிறது. சுண்ணாம்பு உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழே இறங்கித் தேக்குச் சட்டத்தின் முனையை, சுவருக்குள் நுழையும் இடத்தில், அரிக்கிறது. தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும். இரண்டு சட்டங்களில் அந்தச் சத்தத்தை இன்று கேட்டோம். செய்ய வேண்டியது வெடித்த தட்டோட்டை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் உள்ள விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்து, மறுபடி ஓடு பதிப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்.

நாள் 5: ஆத்தங்குடி

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறையிலும் சிமெண்டோடு கலந்த வண்ணக் குழம்பு. அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த மணல் சிமெண்ட், அதன்மேல் ஈரக் கலவை, கரணையால் அழுத்தி மட்டம். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். ஊறியதும் கண்ணாடி தானே விட்டுவிடும். அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். சூளை இல்லை, மெருகேற்றும் இயந்திரம் இல்லை. பதிப்பவர்கள் செய்யும் தவறு இரண்டு. மிஷின் வைத்துத் தேய்ப்பது: வண்ண அடுக்கு மெல்லியது, போய்விடும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது: வெளுத்துவிடும். பதித்து முடித்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, நடக்க வேண்டும். நடக்க நடக்கத்தான் மின்னும்.

பிற்பகலில் ஒரு பழைய சுவரை உரசிப் பார்த்தோம். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்ந்த வெள்ளைப் பூச்சு, நூறு ஆண்டு தொட்ட கை பட்டும் பீங்கான் போல இருக்கிறது. அதே வீட்டின் பின்கட்டில் சமீபத்தில் சிமெண்ட் பூசிய பகுதி இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உரிகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு சுண்ணாம்பு வழியே ஆவியாகிக்கொண்டிருந்தது. இப்போது சிமெண்டுக்குப் பின்னால் தேங்கி, உப்பைத் தள்ளுகிறது.

நாள் 6: மதுரை, நெல்லை வழியாகத் திருவனந்தபுரம்

நாள் முழுக்கச் சாலை. மாலையில் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்பாக எழும் செங்கல் சுருள். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. படியே இல்லை. சாய்தளம் சுற்றிச் சுற்றி ஏறுகிறது, வெளிச்சுவரை ஒட்டி மேசைகள், சுவர் முழுக்கச் சதுர ஓட்டைகள். நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். பரிமாறுகிறவரே பங்குதாரர். பதின்மூன்று பேரும் சாய்தளத்தில் வரிசையாக உட்கார்ந்தால் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியாது, மேலும் கீழுமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. பெரிய கூட்டத்துக்கு இது ஒரு குறைதான். காற்றுக்குக் குறையே இல்லை.

நாள் 7: திருவனந்தபுரம், உள்ளூர்

பேக்கர் 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டவர். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கட்டியதில் பெரியது. மரம் நின்ற இடத்தில் சுவர் வளைந்து போகிறது. பூச்சில்லாத செங்கல், ஓட்டைகள் விட்டுக் கட்டிய ஜாளிச் சுவர், சின்னச் சின்ன முற்றங்கள். 1985-இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இன்றும் கொத்தனார்களுக்கு இந்த வேலையைக் கற்றுத்தருகிறது.

எங்கள் கொத்தனார்களுக்கு வேண்டியிருந்தது ராட் டிராப் கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் ஒருக்களித்து நிறுத்த வேண்டும். முகத்துக்கு ஒன்றாக இரண்டு கல், நடுவில் இடைவெளி, அடுத்து இரண்டு முகத்தையும் கோக்கும் குறுக்குக் கல். 230 மில்லிமீட்டர் சுவரில் 75 மில்லிமீட்டர் கல் இரண்டு போனால் 80 மில்லிமீட்டர் பொந்து. வரி உயரம் சாந்தோடு 120. சாதாரண ஒன்பது அங்குலச் சுவரோடு ஒப்பிட்டால் செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், சாந்தும் குறையும், பொந்தில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும்.

சொல்லும்போது சுலபம். சுவர் கெடுவது இப்படி. நாட்டுச் செங்கல் ஒன்றுக்கொன்று அளவு மாறும், நிறுத்தி வைத்தால் முகம் மட்டத்துக்கு வராது. அளவு மாறாமல் வரும் சேம்பர் சூளைக் கல்தான் சரிப்படும். அடிமட்டத்துக்கு மேல் முதல் வரி, ஜன்னலுக்குக் கீழ் வரி, லிண்டலுக்குக் கீழ் வரி, கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் பொந்தில்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிலைக்கு அடித்த ஆணி பொந்துக்குள் போகும். மின்குழாய் கட்டும்போதே பொந்தில் இறங்கிவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் பிறகு வந்து சுவரைக் காடி வெட்டினால் நிறுத்திய கல் பிளந்து போகும். எனவே மின் வரைபடம் முதல் வரிக்கு முன் தயாராக வேண்டும். இது கொத்தனார் தவறல்ல, எங்கள் மேசையின் தவறு.

ஓடு புதைத்த கான்கிரீட் தளத்தையும் கீழே நின்று பார்த்தோம். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அங்கே வெறும் பாரம். அந்த இடத்தில் இரண்டு சீமை ஓடுகளைக் கவிழ்த்துச் சேர்த்து வைத்தால் பாரமும் சிமெண்டும் குறையும். ஓட்டுக்கு ஓடு பத்து சென்டிமீட்டர் விட்டு, அந்த வழியில் கம்பி போக வேண்டும், பக்கவாட்டிலும் கம்பிக்கு மூடல் இருக்க வேண்டும். ஓடுகளை முன்கூட்டியே ஊற வைக்காவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரைக் குடிக்கும். சுவரில் தளம் உட்காரும் ஓரத்திலும், வெளியே நீளும் பகுதியிலும் ஓடு வைக்கக் கூடாது. ஊற்றும் நாளில் ஓட்டின்மேல் யாரும் மிதிக்காமல் பலகை போட்டு நடக்க வேண்டும்.

பிற்பகலில் ஒரு கட்டுமான இடத்தில் நாங்களும் நான்கு வரி கட்டிப் பார்த்தோம். மூன்றாவது வரியில் பிரச்சினை தெரிந்தது. சாந்து போடும்போது பாதி பொந்துக்குள் விழுகிறது. விழுந்தது அடியில் சேர்ந்து இரண்டு முகத்தையும் பாலம் போட்டுவிடும், வெயிலும் ஈரமும் அந்தப் பாலத்தில் ஏறி உள்ளே வரும். சாந்தும் மிச்சமாகாது. அந்த இடத்துக் கொத்தனார் ஒரு பட்டைக் கட்டையைக் காட்டினார். பொந்தின்மேல் அதை வைத்து, இரண்டு பக்கமும் சாந்து இழுத்து, கட்டையை எடுத்துவிட்டுக் கல் வைக்கிறார். அவ்வளவுதான்.

எங்கள் தச்சர் டேப்பை எடுத்து அளந்தார். அகலம் 75, பொந்தைவிட 5 குறைவு. கனம் ஒரு அங்குலம், நீளம் மூன்றடி, நடுவில் பிடிக்க ஒரு கைப்பிடி. கட்டை பொந்துக்குள் நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் அகலமான குறுக்குச் சட்டம் ஒன்று. அது குறுக்குக் கல்லின்மேல் உட்கார்ந்துகொள்ளும். திரும்பும் வழியில் நாகர்கோவிலில் ஒரு மரக்கடையில் வேனை நிறுத்தி மூன்று கட்டைகள் அறுத்து வாங்கியாயிற்று. திங்கட்கிழமை மணப்பாறை வீட்டில் மேற்குச் சுவர் தொடங்குகிறது. மின் வரைபடம் இன்னும் முடியவில்லை. வேனிலேயே மடியில் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.